ஹாரன் சத்தத்துக்கு மண்ணில் இறங்காதீங்க

சைக்கிள் ஓட்டும்போது பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சதும் தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கிடறீங்க, திரும்ப ஏறும்போது ரெண்டு தடவை விழுந்துட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க. தப்பு அந்தத் தார் விளிம்புலதான். ரோட்டை ஒட்டி ஓட்டிக்கிட்டே சாய்வா ஏத்தினா முன்சக்கரம் விளிம்பில் உரசி வழுக்கும். ஹேண்டில் திரும்பும், சக்கரம் ஏறாது. இறங்க நேர்ந்தா வேகத்தைக் குறைச்சு நில்லுங்க, பின்னாடி பாருங்க, தூக்கி வச்சு ஏறுங்க. கௌரவம் பார்க்க வேண்டாம்.

இறங்காம இருக்க, விளிம்பிலிருந்து ரெண்டரை அடி உள்ளே நேர்கோட்டில் ஓட்டுங்க. ஓரத்தை ஒட்டினா இடம் இருக்குன்னு நினைச்சு உரசிக்கிட்டு முந்துவாங்க, குழி வந்தா ஒதுங்கவும் வழியிருக்காது. நம்ம ஊர் ஹாரன் பெரும்பாலும் 'வர்றேன்'னு சொல்றதுதான்; அகலமான இடம் வந்ததும் வழி விடுங்க.

நிக்கிற கார்களுக்கு ஒரு மீட்டர் விடுங்க, கதவு திறக்கலாம். நின்ன பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது, ஆள் இறங்குவாங்க.

வலது ஹேண்டிலில் கண்ணாடி மாட்டுங்க. ஆனாலும் விலகும் முன்னாடி தலையைத் திருப்பிப் பார்க்கணும். பழகாதவங்களுக்குப் பார்க்கிற பக்கமே சைக்கிள் இழுக்கும். காலி மைதானத்தில் கோடு போட்டுப் பழகிட்டு ரோட்டுக்கு வாங்க.