ஹாங்காங் ரோஸ்ட் கூஸ்: எந்தப் பங்கு, எந்த நேரம், பில்லில் என்னென்ன?

கேள்வி: ஹாங்காங்கில் பெயர்பெற்ற ரோஸ்ட் கூஸ் கடை ஒன்றில் சாப்பிட்ட என் உறவினர், "தட்டு நிறைய எலும்பு, தோல் வேறு சவசவ" என்று குறைபட்டார். அடுத்த மாதம் நாங்கள் இருவர் போகிறோம். எப்படிக் கேட்டு வாங்குவது?

பதில்: எந்தப் பங்கு வேண்டும் என்று சொல்லாமல் "ஒரு பிளேட்" என்று கேட்டிருப்பார். கூஸ் நம் வாத்தைவிடப் பெரிய பறவை. அதற்கேற்ப நெஞ்சுக்கூடும் முதுகெலும்பும் பெரியவை. எலும்போடு சேர்த்துத்தான் வெட்டித் தருவார்கள். முழுசு, பாதி, கால் பங்கு (நாலில் ஒரு பங்கு) என்று விற்பார்கள். அந்தக் கால் பங்கிலும் இரண்டு உண்டு. இறக்கையும் நெஞ்சும் சேர்ந்த மேல்பங்கு "சூங் ஜோங்". தொடை சேர்ந்த கீழ்ப்பங்கு "ஹா ஜோங்". கீழ்ப்பங்குக்கு விலை கூடுதல். ஆனால் சதை மிருதுவானது, சாறு உள்ளது. இருவருக்கு ஒரு ஹா ஜோங், இரண்டு சோறு, ஒரு கீரைத் தட்டு போதும். தனியாகப் போகிறவர் "ங்கோ பெய் ஃபான்" என்று கேட்டால் தொடையோடு சோறு வரும். வெறும் கூஸ் சோறு என்றால் கைக்கு வந்த பகுதியைப் போடுவார்கள்.

தோல் விஷயத்தில் நேரம்தான் முக்கியம். சுடுவதற்கு முன் தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்று ஏற்றி, கொதிநீர் ஊற்றி, மால்ட் சர்க்கரையும் வினிகரும் கலந்து பூசி, பல மணி நேரம் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அடுப்பில் அடிக்கொழுப்பு உருகி வடிய, தோல் கண்ணாடி போல விறைக்கிறது. வெட்டிய கணத்திலிருந்து சதையின் ஆவியும் சாறும் அதை ஊறவைக்கத் தொடங்கிவிடும். தட்டு வந்ததும் முதலில் தோலுள்ள துண்டுகளைச் சாப்பிடுங்கள், படம் பிறகு எடுக்கலாம். கூஸின் மேல் ஊற்றும் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். நூடுல்ஸ் சூப்பின் மேல் கூஸ் வைத்துத் தருவது பலருக்குப் பிடிக்கும். மொறுமொறுப்புக்காகப் போகிறவர்கள் அதைத் தனித்தனியாக வாங்குவதே நல்லது. கூடவே தரும் பிளம் சாஸைத் தொட்டுக்கொண்டால் கொழுப்பு திகட்டாது.

மதியம் 12.30 முதல் 2 மணி வரை அலுவலகக் கூட்டம். 11.30-க்கே போய்விடுங்கள், அல்லது 3 மணிக்குப் போங்கள். இரவு நேரம் கழித்துப் போனால் தொடை தீர்ந்திருக்கும்.

சார் சியூ எனும் இனிப்புப் பன்றி ரோஸ்ட்டும் வாங்குவதானால் "பூன் ஃபெய் ஸௌ", அதாவது பாதிக் கொழுப்பு பாதிச் சதை, என்று கேளுங்கள். வெறும் சதைத் துண்டு வறண்டு போயிருக்கும்.

கேள்வி: யுங் கீ, காம்ஸ் என்ற இரண்டு ரோஸ்ட் கூஸ் உணவகங்களில் எது அசல்?

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். யுங் கீயைக் காம் ஷுய் ஃபாய் 1942-இல் தொடங்கினார். அது சென்ட்ரல் பகுதியில் வெலிங்டன் தெருவில் இருக்கிறது. அவருடைய பேரன் 2014-இல் வான் சாயில் திறந்தது காம்ஸ். பெரிய மேசை, விரிவான மெனு, முன்பதிவு வேண்டுமானால் முன்னது. சின்ன இடத்தில் வரிசையில் நின்று சட்டென்று சாப்பிட்டுக் கிளம்ப வேண்டுமானால் பின்னது.

கேள்வி: மெனுவில் கண்ட விலையைவிட பில் கூடுதலாக வருமா?

பதில்: வரும். ஹாங்காங்கில் விற்பனை வரி கிடையாது. ஆனால் மேசை போட்டுப் பரிமாறும் உணவகங்களில் 10 சதவீத சேவைக் கட்டணம் வழக்கம். தலைக்கு இவ்வளவு என்று தேநீருக்கும், நீங்கள் கேட்காமலே மேசையில் வைக்கும் கடலைக்கும் ஊறுகாய்க்கும் தனிக் காசு பிடிக்கும் இடங்களும் உண்டு. வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறு கடைகள் சில கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் வைத்திருங்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்காரச் சொன்னால் தயங்க வேண்டாம், அது அங்கே சாதாரணம்.

கேள்வி: பன்றி இறைச்சி சாப்பிடமாட்டேன். கூஸ் மட்டும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் பன்றி படாமல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பன்றியை வெட்டிய அதே கட்டையில், அதே கத்தியால்தான் பெரும்பாலும் கூஸையும் வெட்டுவார்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைகள் ஒத்துவராது. உடன் வரும் சைவக்காரர்களுக்கு ஒன்று: வேகவைத்த கீரையின் மேல் சிப்பிச் சாறு கலந்த ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள். சாஸ் இல்லாமல் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊருக்குப் பார்சல் கொண்டுவரலாமா?

பதில்: யுங் கீ கூஸுக்குப் "பறக்கும் கூஸ்" என்றே ஒரு பெயர் உண்டு, விமானத்தில் எடுத்துப் போனவர்கள் அவ்வளவு பேர். ஆனால் இந்தியாவுக்குள் இறைச்சிப் பொருள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், இல்லையென்றால் பறிமுதல்தான். வேக்குவம் பேக் செய்திருந்தாலும் இதுதான் விதி. விடுதி அறைவரை கொண்டுபோவதானால் டப்பா மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், ஆவி வெளியேறட்டும். மைக்ரோவேவில் வைத்தால் தோல் ரப்பராகிவிடும்.