பழைய தியேட்டர் ஆர்கன் விற்பனைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் வசிக்கிறேன். மௌனப் படக் காலத்துத் தியேட்டரில் இருந்த வுர்லிட்சர் கம்பெனியின் பைப் ஆர்கன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கைக்கு இரண்டு கீபோர்டு, ஆறு ரேங்க் (ஒரே வகை ஒலி தரும் குழாய்களின் வரிசை) குழாய்கள். பல வருஷமாகப் பிரித்தபடியே ஒரு கராஜில் கிடக்கிறது. "எல்லாம் முழுசாக இருக்கிறது, கழற்றிய அன்று நன்றாகவே பாடியது" என்கிறார் விற்பவர். 3,000 டாலர் கேட்கிறார். பேஸ்மென்ட்டில் வைத்து மெதுவாகச் சரிசெய்யலாம் என்று ஆசை.

பதில்: முதலில் டேப்பை எடுத்து பேஸ்மென்ட்டின் உயரத்தை அளந்துவிடுங்கள். எட்டடிக் குழாய் என்றால் ஒலிக்கும் பகுதி மட்டுமே எட்டடி. அதன் கால், கீழே அது நிற்கும் காற்றுப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் பத்தடியைத் தாண்டும். மேல்முனை மூடிய மரக்குழாய்கள் பாதி நீளத்திலேயே அதே சுருதியைத் தரும் என்பதால் அவற்றால் தொல்லை குறைவு. திறந்த குழாய்களை வெட்டி வளைத்து ஒட்டித் தருவார்கள், அது தனிச் செலவு. அப்புறம் காற்றடிக்கும் புளோயர். ஸ்பென்சர் கம்பெனியின் 'ஆர்கோப்ளோ' போன்ற பழைய புளோயர்கள் பலவற்றில் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ். அதற்கும் வழி உண்டு, காசுதான்.

"கழற்றிய அன்று பாடியது" என்பதற்கு நான் மதிப்பே தர மாட்டேன். ஒவ்வொரு குழாய்க்கும் அடியில், நம் ஹார்மோனியத்தின் துருத்தியைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியதுபோல, தோலால் ஆன சின்னத் துருத்தி ஒன்று இருக்கிறது. கட்டையை அழுத்தினால் மின்காந்தம் அதன் காற்றை வெளியே விடும், அது சுருங்கும், வால்வு திறக்கும். ஒரு ரேங்க் என்றால் குறைந்தது 61 குழாய், பல ரேங்குகளில் அதற்கு மேலும். இதுபோக கீபோர்டு இருக்கும் கட்டுப்பாட்டு மேசைக்குள்ளும் ஆர்கனோடு சேர்ந்த தாளக் கருவிகளிலும் தோல்தான். நிலக்கரிப் புகை படிந்த நகரங்களில் பல பத்தாண்டு இருந்த தோல், விரலால் தேய்த்தாலே பொடியாகும். அத்தனையையும் மாற்றுவதுதான் உங்கள் உண்மையான செலவு. அதன் முன்னால் 3,000 டாலர் ஒன்றுமே இல்லை.

நேரில் போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். குழாய்களை எண்ணுங்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள் மெத்தென்றிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் அடியில் உள்ளவை நசுங்கியிருக்கும். (தொட்டபின் கையைக் கழுவுங்கள்.) காற்றுப்பெட்டிப் பலகையில் வெடிப்பு, எலி, ஈரம் பாருங்கள். கராஜின் குளிரும் வெயிலும் மரத்தை விடாது. ஓபஸ் எண்ணையும், அதாவது ஒவ்வொரு ஆர்கனுக்கும் கம்பெனி கொடுத்த வரிசை எண்ணையும், கேளுங்கள். வுர்லிட்சர் 2,200-க்கு மேல் தியேட்டர் ஆர்கன் செய்தது, அவற்றின் பட்டியல் இருக்கிறது. பாகங்களில் வேறு வேறு எண் இருந்தால் பல ஆர்கன்களைக் கலந்து சேர்த்தது என்று அர்த்தம். அது மோசடி ஆகாது, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஒரு யோசனை. உங்கள் ஊர் ஓஹையோ தியேட்டரில் 1928-ம் வருஷத்து ராபர்ட் மார்ட்டன் கம்பெனியின் ஆர்கன் இன்றும் வாசிக்கப்படுகிறது. கோடைக்காலப் பழைய படக் காட்சிகளில் போய்க் கேளுங்கள். பெரிய அரங்குக்கென்று செய்த சத்தம் அது, வீட்டுக்குள் தாங்குவீர்களா என்று தெரிந்துவிடும். அமெரிக்கன் தியேட்டர் ஆர்கன் சொசைட்டியின் கிளைகளில் இந்த வேலையைக் கையாலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். விற்பவரைப் பார்க்கப் போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பழுதுபார்ப்பவர் ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு காற்றுப்பெட்டியை மட்டும் முதலில் கொடுங்கள். முடித்து, காற்றேற்றி, எல்லாக் குழாயும் ஒலிப்பதைக் காட்டட்டும், பிறகு அடுத்தது. எந்தத் தோல், எந்தப் பசை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தச்சர்கள் காய்ச்சி ஒட்டும் வச்சிரம்தான் இதற்குச் சரி. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும், இன்னும் அறுபது வருஷம் கழித்துத் தோல் மாற்றுபவருக்கு மரம் சேதமில்லாமல் கிடைக்கும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையோ சிலிகானோ போடுகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ரிலேயை (கட்டையை அழுத்துவதைக் குழாய்களுக்கு மின்சாரத்தால் தெரிவிக்கும் சுவிட்ச் அமைப்பை) எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் ரிலே போடச் சொல்கிறார்கள். மதிப்பு குறையுமா?

பதில்: இடம் மாறாமல் முதலில் இருந்த தியேட்டரிலேயே முழுசாக நிற்கும் ஆர்கன் என்றால் கைவைக்கக் கூடாது என்பேன். உங்களுடையது ஏற்கெனவே பிரித்தது. பருத்தி நூல் சுற்றிய பழைய வயர்களை வீட்டுக்குள் வைப்பது தீ அபாயம், இடமும் மிச்சமாகும், தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய ரிலேயை மட்டும் குப்பையில் போடாமல், படம் எடுத்து, எண் போட்டு எடுத்துவையுங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.