சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறியபின் உளவியல் பட்டம்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறி, உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவள் நான். அதே வழியில் வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடத் திட்டம் வகுத்துக் கொடுத்து வருகிறேன். கேட்கப்பட்ட கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் சமுதாயக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். உளவியலுக்கு மாற எண்ணம். எந்தப் பாடத்தை முதலில் முடிக்க வேண்டும்?

பதில்: புள்ளியியலை முடியுங்கள். உளவியல் அறிமுகத்தை எல்லோரும் முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிடுகிறார்கள். புள்ளியியலைத்தான் கணக்குக்குப் பயந்து கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறைகள் என்ற பாடத்தில் சேரப் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும். ஆய்வு முறைகள் முடித்தால்தான் பல துறைகளில் ஆய்வகப் பாடங்களும் இறுதியாண்டுக் கருத்தரங்குகளும் திறக்கும். ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நிற்கும் இந்த வரிசையின் முதல் படியைச் சமுதாயக் கல்லூரியிலேயே ஏறிவிட்டால், மாறிய பிறகு ஒரு பருவம் முழுவதும் உங்களுக்கு மிச்சமாகும்.

அடுத்ததாக, அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் நீங்கள் விரும்பும் வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, எந்தப் பாடம் எதற்கு ஈடாகிறது என்பதைப் பாருங்கள். ஒரே உளவியல் பட்டத்துக்கு ஒரு வளாகம் உயிரியல் கேட்கும், இன்னொன்று கணினி நிரல் எழுதும் பாடமும் கேட்கும். ஆகவே குறைந்தது மூன்று வளாகங்களின் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்து, மூன்றுக்கும் பொதுவானவற்றை முதலில் எடுப்பதே நல்லது. கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதாக இருந்தால், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, சமுதாயக் கல்லூரியே தரும் 60 யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) மாற்றல் பட்டம் அந்த அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்யும். நீங்கள் விரும்பும் வளாகத்தில்தான் அந்த இடம் என்பதை அது உறுதி செய்யாது. யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தம் போடலாம். அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தோடு முடிந்துவிடும்.

கேள்வி: வரும் செப்டம்பரில் யூசி வளாகம் ஒன்றில் சேர்கிறேன். பிறகு நேரடியாக முனைவர் பட்டத்துக்குப் போக விருப்பம். இரண்டு ஆண்டுகள் இருப்பதால் முதலாண்டைப் பழகிக்கொள்வதற்கு வைத்துக்கொண்டு, ஆய்வகப் பணியை இரண்டாம் ஆண்டில் தொடங்கலாமா?

பதில்: உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இல்லை என்பதை அன்போடு சொல்கிறேன். உளவியல் முனைவர் பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை டிசம்பர் மாதத்தில் முடிவடைகின்றன. செப்டம்பரில் சேர்ந்து, அடுத்த ஆண்டு டிசம்பரில் விண்ணப்பித்தால், நடுவில் இருப்பது பதினான்கு மாதங்கள். பத்து வாரப் பருவங்களாக நடக்கும் குவார்ட்டர் முறையில் அதற்குள் மூன்று பருவ மதிப்பெண்களே கைக்கு வந்திருக்கும். செமஸ்டர் முறையில் இரண்டே இரண்டு. முதலாண்டிலிருந்தே அங்கு படிப்பவருக்கு மூன்று ஆண்டுகளில் அமைகிற பழக்கம் உங்களுக்கு ஓராண்டில் அமைய வேண்டும். அதற்குள் உங்களை நன்கு அறிந்த மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கிய மாணவரைப் பற்றி எழுத ஒரு பேராசிரியருக்கு ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஆய்வகத்தில் ஒன்பது மாதம் கூடவே இருந்த மாணவரைப் பற்றி அவரால் இரண்டு பக்கம் எழுத முடியும்.

ஆகவே கோடைக்காலத்திலேயே தொடங்குங்கள். துறையின் இணையப் பக்கத்தில் பேராசிரியர்கள் ஒவ்வொருவரின் ஆய்வையும் படித்து, உண்மையாகவே உங்களை ஈர்க்கும் ஐந்து பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையையாவது முறைகள் பகுதி வரை படித்துவிட்டுச் சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த மாணவி ஒருவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "குழந்தைகளின் நினைவாற்றல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குழந்தைகள் பதில் சொல்லாமல் இருந்த நேரத்தையும் நீங்கள் அளந்தது எனக்குப் புதிதாக இருந்தது. செப்டம்பரில் மாற்றல் மாணவியாகச் சேர்கிறேன், புள்ளியியல் முடித்துவிட்டேன், வாரம் எட்டு மணி நேரம் தர முடியும்." அவ்வளவுதான். ஐந்து பேருக்கு அனுப்பி, இருவரிடமிருந்து பதில் வந்து, ஒருவரின் ஆய்வகத்தில் அக்டோபரிலேயே சேர்ந்தார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை எண்ணாகச் சொல்வதை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஆய்வகத்தை நடத்துகிறவருக்கு உடனடியாகத் தெரிய வேண்டியது அதுதான்.

பதினான்கு மாதம் போதாது என்று தோன்றினால், பட்டம் முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். நல்ல மாணவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதைப் பின்தங்குவதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: உளப்பிறழ்வியலும் வளர்ச்சி உளவியலும் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்துவிட்டேன். மறுபடியும் எடுக்க வேண்டுமா?

பதில்: யூனிட்டுகள் உங்கள் கணக்கில் சேரும், ஆனால் அவை முதல் இரண்டு ஆண்டுகளுக்கான கீழ்நிலை யூனிட்டுகளாகவே நிற்கும். பல்கலைக்கழகம் அதே பாடத்தை மேல்நிலையில் நடத்தினால், சில துறைகள் மீண்டும் எடுக்கச் சொல்லும். சில துறைகள் பாடத்தை விட்டுக்கொடுத்து, அதே அளவு யூனிட்டுக்கு வேறு மேல்நிலைப் பாடம் எடுக்கச் சொல்லும். துறை ஆலோசகரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முடித்த பாடம் ஒவ்வொன்றின் பாடத்திட்டத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். என் புள்ளியியல் பாடத்தை ஏற்க வேண்டுமா என்று முடிவு செய்ய, வாரவாரியாக என்ன கற்பித்தார்கள் என்று துறை கேட்டது. என்னிடம் தாள் இல்லை; பாடம் நடத்தியவரோ கல்லூரியை விட்டுப் போயிருந்தார். பழைய மின்னஞ்சல்களில் மூன்று வாரம் தேடி, கூடப் படித்த ஒருவரிடமிருந்து அது கிடைத்தபோது ஆய்வு முறைகள் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. ஒரே ஒரு தாளுக்காக ஒரு பருவத்தை இழந்தேன். வேறு யாருக்கும் அது நேரக் கூடாது என்பதற்காகவே இதை ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மகள் உளவியல் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். பட்டம் முடித்ததும் ஆலோசகராக வேலை பார்க்க முடியுமா? எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

பதில்: அம்மா, இளங்கலைப் பட்டத்தோடு உளச்சிகிச்சை அளிக்க உரிமம் கிடைக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டால் கவலை திட்டமாக மாறிவிடும். கலிஃபோர்னியாவில் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் உரிமம் பெற முதுகலைப் பட்டமும், மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரப் பணியும், தேர்வுகளும் வேண்டும். மருத்துவச் சமூகப் பணியாளர் உரிமத்துக்குச் சமூகப் பணி முதுகலையும் அதே 3,000 மணி நேரமும். உளவியலாளர் என்ற பெயரோடு உரிமம் பெற முனைவர் நிலைப் பட்டம் தேவை. அங்கும் 3,000 மணி நேரம், அதில் பாதியாவது பட்டம் பெற்ற பிறகு செய்ததாக இருக்க வேண்டும். மக்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் மகளின் விருப்பம் என்றால் முதுகலை வழி போதும். அதற்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டியதில்லை. எது வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.

கேள்வி: முதல் குவார்ட்டரில் நான்கு பாடங்கள் எடுக்கலாமா?

பதில்: மூன்று போதும். மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை ஜான் ஹில்ஸ் 1965ஆம் ஆண்டிலேயே ‘மாற்றல் அதிர்ச்சி’ என்ற பெயரில் எழுதினார். பத்து வாரப் பருவத்தில் நான்காம் வாரமே இடைத்தேர்வு வந்துவிடும். யூசியில் உங்கள் பழைய மதிப்பெண் சராசரி உங்களோடு வராது. கணக்கு புதிதாகத் தொடங்கும். எனவே முதல் பருவத்துச் சரிவைத் தாங்கப் பின்னால் எதுவும் இருக்காது.

கேள்வி: கலைப் பட்டமா, அறிவியல் பட்டமா?

பதில்: மேற்படிப்புக்கான தேர்வுக் குழுக்கள் அந்தப் பெயரைவிட நீங்கள் எடுத்த புள்ளியியலையும் ஆய்வு அனுபவத்தையும்தான் பார்க்கின்றன. எந்த வளாகம் எதைத் தருகிறதோ அதை எடுங்கள்.

கேள்வி: வாரம் 25 மணி நேரம் வேலை செய்துதான் படிக்கிறேன். சம்பளமில்லாத ஆய்வகப் பணிக்கு எனக்கு ஏது நேரம்?

பதில்: இந்தக் கேள்விதான் என் மனத்தை உறுத்துவது. நேரம் இருப்பவருக்கே கடிதம் கிடைக்கிறது என்ற நிலை நியாயமானதல்ல. ஆனாலும் வழிகள் உண்டு. பல துறைகளில் ஆய்வகப் பணியையே யூனிட்டாக எடுக்கலாம். அப்போது அது ஒரு பாடத்தின் இடத்தைப் பிடிக்கும், கூடுதல் சுமையாகாது. நிதியுதவியில் வேலை-படிப்பு ஒதுக்கீடு (படிக்கும்போதே பகுதிநேர வேலை செய்து பெறும் பணம்) உங்களுக்கு இருந்தால், அதை ஆய்வகத்தில் பயன்படுத்த முடியுமா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவராகவும் வருமானம் குறைந்தவராகவும் இருந்தால், உங்கள் வளாகத்தில் மெக்நேர் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முனைவர் படிப்புக்குத் தயாராகிறவர்களுக்காகவே நடப்பது, ஆய்வுக்கு உதவித்தொகையும் தருகிறது. செய்யும் வேலையையே மாற்ற முடிந்தால், 40 மணி நேரப் பயிற்சியோடு நடத்தை நுட்பராகி ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பணிபுரியலாம். சம்பளமும் வரும், முதுகலை விண்ணப்பத்தில் சொல்வதற்கு உண்மையான அனுபவமும் சேரும். உங்கள் வேலை நேரத்தையும் முடித்த பாடங்களையும் எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பருவம் பருவமாகப் போட்டுப் பார்ப்போம்.