சகான் சார்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மங்கோலியாவின் ஆர்கங்காய் மாகாணத்தில் இரண்டு குளிர்காலம் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சகான் சார் என்பது மங்கோலியரின் புத்தாண்டுப் பண்டிகை; பெயருக்கு வெள்ளை மாதம் என்று பொருள். இரண்டு சகான் சாருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்தான் முதலில் போனேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பண்டிகைக்கு முதல் தடவை போகிறேன். எப்படி வணங்க வேண்டும்?

வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போங்கள். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டி, அவருடைய முழங்கைகளை அடியிலிருந்து தாங்குங்கள். சிறியவர் கை எப்போதும் கீழே. "அமர் பைன ஊ" என்று கேளுங்கள். நிம்மதியாக இருக்கிறீர்களா என்று பொருள். தொப்பியைக் கழற்ற வேண்டாம், சட்டைக் கையைச் சுருட்டி விடாதீர்கள். கணவன் மனைவி தங்களுக்குள் இப்படிச் செய்வதில்லை. முதல் வருஷம் நான் கை குலுக்கப் போனேன். பாட்டி என் கைகளைப் பிடித்துத் தன் முழங்கைக்கு அடியில் தானே வைத்துக்கொண்டார்.

எத்தனை பூஸ் சாப்பிட வேண்டும்?

வீட்டுக்கு மூன்று போதும். அன்றைக்கே ஏழெட்டு வீடு போக வேண்டியிருக்கும். இறைச்சிக் கொழுக்கட்டைதான், நூற்றுக்கணக்கில் பிடித்து வெளியே குளிரில் உறைய விட்டு, ஆள் வர வர ஆவியில் வைப்பார்கள். ஒன்று மட்டும்: நீட்டியதை மறுக்காதீர்கள்.

நான் சைவம்.

பூஸ் கிடையாது. திராட்சையும் வெண்ணெயும் போட்ட சோறு, உலர்ந்த தயிர்க்கட்டியான ஆரூல், பால் தேநீர் உண்டு. முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சைவர்கள் என்ன செய்வது?

மேலே சொல்லிவிட்டேன்.

வோட்கா குடிக்க மாட்டேன்.

மறுக்காதீர்கள். வலது கையால் வாங்கி, மோதிர விரலை நனைத்து மேலே தெளித்து, உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இது சீனப் புத்தாண்டுதானே?

இல்லை. அங்கே யாரிடமும் இப்படிக் கேட்டுவிடாதீர்கள். 2023இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 22, சகான் சார் பிப்ரவரி 21. மங்கோலியர் வைத்திருப்பது திபெத்திய வழியில் வந்த தனிப் பஞ்சாங்கம்; அதிமாதம் சேர்க்கும் கணக்கே வேறு.

2024இல் இரண்டும் பிப்ரவரி 10தானே அக்கா?

ஆமாம், சில வருஷம் ஒன்றாக விழும். 2025இல் மறுபடி பிரிந்து, சகான் சார் மார்ச் 1.

பன்னிரண்டு விலங்கு வருஷமும் ஒன்றுதானே? பிறகு என்ன வித்தியாசம்?

விலங்குச் சுழற்சி பொது, மறுக்கவில்லை. ஆனால் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் அரசவையில் புத்தாண்டன்று எல்லாரும் வெள்ளை உடுத்தியதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். வெண்மை, பால், மேய்ச்சல் வாழ்வு, குளிரைத் தாண்டிய மந்தை: இது அவர்களுடைய பண்டிகை. சோஷலிச ஆட்சியில் இதை ஒடுக்கி, கூட்டுப்பண்ணை மேய்ப்பர் நாள் என்று பெயர் மாற்றினார்கள். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு பூஸ் பிடித்த காலத்தைச் சொல்லியிருக்கிறார். 1990க்குப் பிறகுதான் பழையபடி வெளிப்படையாகக் கொண்டாடினார்கள். ஏற்கெனவே ஒரு முறை பெயரைப் பறிகொடுத்த பண்டிகைக்கு நாமும் வேறு பெயர் வைக்க வேண்டாம். இதைப் பற்றி இனிமேல் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

தட்டில் அடுக்கியிருக்கும் நீள ரொட்டி என்ன?

உல் போவ். அடுக்கு எப்போதும் ஒற்றைப்படை: தாத்தா பாட்டி வீட்டில் ஏழு, பெற்றோர் வீட்டில் ஐந்து, இளம் தம்பதிக்கு மூன்று. சுகம், துக்கம், சுகம் என்று எண்ணி, மேலே வருவது சுகமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. நடுவிலிருந்து உருவாதீர்கள்.

சைவத்துக்கு...

மேலே.

முந்தின நாள் ஏதாவது உண்டா?

பிதூன். கடனை அடைத்து, வீட்டைத் துடைத்து, வயிறு நிறையச் சாப்பிடும் இரவு. வாசலில் மூன்று பனிக்கட்டி வைப்பார்கள். பல்தன் ல்ஹாம் என்ற தேவி கோவேறு கழுதையில் வருவாள், அது குடிப்பதற்கு. இரண்டாவது வருஷம் அந்தக் கட்டிகளை ஆற்றிலிருந்து வெட்டி வரும் வேலையைப் பாட்டி என்னிடம் கொடுத்தார்.

என்ன பரிசு கொண்டுபோவது?

மூத்தவருக்கு ஹதாக், அதாவது மரியாதைக்குக் கொடுக்கும் நீலப் பட்டுத் துணி, அதன் மேலே ஒரு புதுப் பண நோட்டு. கிளம்பும்போது அவர்களும் உங்களுக்கு ஒன்று தருவார்கள். ஒரு ஜோடி காலுறையாக இருந்தாலும் மறுக்காதீர்கள்.