தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு, எனக்கு மட்டும் ஏன் சுகர்?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 36, பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிப்ட் வேலை. ராத்திரி 11 மணிக்கு முடிஞ்சு வர்றப்ப நாசி கண்டார் சோறு, மேல குழம்பு பஞ்சிர் (வெள்ளமா ஊத்தி), ஒரு தே தாரிக் (டின்பால் ஊத்தி இழுத்த டீ), இதான் டின்னர். போன மாசம் வெறும் வயித்துல சுகர் 6.4 mmol/Lன்னு வந்துச்சு. தோட்டத்துல இருந்த எங்க தாத்தா மூணு வேளையும் சோறு தின்னே 82 வயசு வரைக்கும் இருந்தாரு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?
- ஷிப்ட் தம்பி, பட்டர்வொர்த்

பதில்: தம்பி, தாத்தாவ இழுத்துட்டீங்க, அவர்கிட்டயே போவோம். விடியறதுக்கு முன்னாடி பால்மரம் சீவப் போயி, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, பால் வாளிய தூக்கி சுமந்த மனுசன், அவர் தின்ன சோறு சீனியா மாறி ரத்தத்துக்கு வந்த உடனே தசை இழுத்துக்கும், வேலை செய்யிற தசைக்கு இன்சுலின்கூட அவ்வளவா தேவைப்படாது. நீங்க? எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி, அப்புறம் மோட்டார்ல பாலத்த தாண்டி நேரா படுக்கை.

அதவிட பெரிய விஷயம் அந்த 11 மணிதான். இருட்டுனா உடம்புல மெலட்டோனின்ங்கற தூக்க ஹார்மோன் ஏறும், அது கணையம் இன்சுலின் விடறத கொறைக்கும், அதனால மத்தியானம் தின்ன அதே தட்டு சோறு ராத்திரில சுகர இன்னும் மேல தூக்கும், ரொம்ப நேரம் எறங்காது. அப்படியே தூங்கிட்டா கேக்கவே வேணாம்.

6.4ங்கறது இனிப்பு நீர் (சுகர் வியாதி) இல்ல, அதோட வாசப்படி. 7 வந்தாத்தான் அந்தப் பேரு. ஆனா 2019 தேசிய ஆய்வுல மலேசியால பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர் இருந்துச்சு, இனவாரியா பாத்தா நம்ம இந்தியர்தான் முன்னாடி, அதனால அலட்சியம் வேணாம்லா.

தே தாரிக்குக்கு வருவோம். 2019 ஜூலைல சீனித் தண்ணிக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டாங்க, அது டின், பாட்டில்ல வர்றதுக்குத்தான், மாமாக் கடையில டின்பால் ஊத்தி இழுக்கறத யாரு அளக்கறா? பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்க, மொத வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும்.

சோத்த ஷிப்ட் பிரேக்லயே, 7 மணி வாக்குல முடிச்சிருங்க, வீட்டுல இருந்து கட்டிட்டுப் போனா இன்னும் நல்லது. 11 மணிக்கு பசிச்சா அவிச்ச முட்டை போதும். நாசி கண்டார லீவு நாள் மத்தியானத்துக்கு தள்ளுங்க, வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், நானும் பினாங்குக்காரிதான். சாப்டதும் ஒரு பதினஞ்சு நிமிஷம் நடங்க. மெட்டபாலிசத்த ஏத்தும்னு ஆன்லைன்ல விக்கிற பவுடருக்கு காச கொட்டாதீங்க.

மூணு மாசம் கழிச்சு கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) மறுபடி ரத்தம் குடுத்துப் பாத்துட்டு எழுதுங்க.