எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பார்த்துத் திரும்ப முடியுமா?

தாராளமாக முடியும். கையில் கார் இல்லை என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. இருந்த பாதையை 1969-லேயே மூடிவிட்டார்கள். டிக்கெட் செயலியில் தேடினால் 'செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் காட்டும். அது இங்கிலாந்தில், பிரிஸ்டல் பக்கம்! நீங்கள் இறங்க வேண்டியது லூக்கர்ஸ். எடின்பரோ வேவர்லியிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஃபோர்த் பாலம் தாண்டியதும் கடல் அந்தப் பக்கம்தான். ஸ்டேஷனிலிருந்து 99-ஆம் நம்பர் பஸ், கால் மணி நேரத்துக்குள் ஊர்.

நேரம் குறைவென்றால் முதலில் கோட்டை. 1546-ல் கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் கார்டினல் பீட்டனைக் கொன்றவர்கள் உள்ளே புகுந்துகொள்ள, முற்றுகையிட்ட படை மதிலைத் தகர்க்கப் பாறைக்கடியில் சுரங்கம் வெட்டியது. சத்தத்தை வைத்துத் திசையை ஊகித்து உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் வெட்டினார்கள். முதலில் தோண்டியவை குறி தப்பின. கடைசியில் ஒன்று நேராக எதிரியின் சுரங்கத்துக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் இன்றும் இறங்கலாம். எதிர்ச்சுரங்கம் அவசரத்தில் வெட்டியது. குனிந்து, வளைந்துதான் போக வேண்டும், தரை ஈரமாக வழுக்கும். பிறகு ஏணியில் இறங்கினால் முற்றுகைப் படையின் சுரங்கம். அங்கே நிமிர்ந்து நிற்கலாம். முட்டிவலிக்காரர்கள், முதுகில் பை மாட்டியவர்கள் யோசித்து இறங்குங்கள்.

அடுத்தது கதீட்ரல், அதாவது பேராலயம். 1158-ல் கட்டத் தொடங்கி 1318-ல்தான் அர்ச்சிப்பு (புனிதப்படுத்தும் சடங்கு) நடந்தது. இன்று நிற்பது இரு முனைச் சுவர்களும் கொஞ்சம் மிச்சமும்தான். மற்ற கல்லெல்லாம் ஊர் வீடுகளுக்குப் போய்விட்டது. மேற்கு வாசலிலிருந்து கிழக்குச் சுவர்வரை நடந்து பாருங்கள், அப்போதுதான் அதன் அளவு பிடிபடும். பக்கத்தில் 33 மீட்டர் உயர செயின்ட் ரூல் கோபுரம். பராமரிப்புக்காக ஏறவிடாத நாட்களும் உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பேர்போன கோல்ஃப் மைதானமான ஓல்ட் கோர்ஸ் புல்வெளியில் நடக்க ஆசையென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெரிய போட்டி ஏதும் இல்லையென்றால் அன்று ஆட்டம் கிடையாது, ஊரார் நாயோடு உலாத்துவார்கள். அங்குள்ள சின்னக் கல்பாலமான ஸ்வில்கன் பாலத்தில் படமெடுக்க மட்டும் வரிசை. ஆனால் ஞாயிறு பஸ் குறைவு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1413-லிருந்து பல்கலைக்கழகம் உள்ள ஊரை வெறும் கோல்ஃப் ஊர் என்று எழுதுவதுதான் எரிச்சல். அதைவிட எரிச்சல், இதை 'இங்கிலாந்து டூர்' என்பது. அங்கே போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்!

கோடையிலும் காற்றுத் தடுக்கும் கோட்டு வேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே 'ஹார்' என்கிற கடல்மூடுபனி ஏறிவந்தால் கோபுரத்திலிருந்து எதுவும் தெரியாது. வானம் தெளிவாக இருந்தால் கோட்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கோபுரம் ஏறுங்கள். சுரங்கத்துக்குப் பனி ஒரு பொருட்டல்ல.