ரோகு குஞ்சுகள் 20 நாளில் காணாமல் போவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளது. 8 சென்ட் நாற்றங்கால் குளத்தில் 15 நாள் முன்னதாகவே தண்ணீர் நிரப்பி, சாணமும் இட்டு வைத்திருந்தேன். பொரிப்பகத்திலிருந்து 1 லட்சம் ரோகு நுண்மீன் குஞ்சுகளை வாங்கி விட்டேன். முதல் நாளிலிருந்தே கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து தினமும் 3 கிலோ போட்டதுடன், அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும் கரைத்து ஊற்றினேன். 20 நாள் கழித்து வலை இழுத்தபோது 7,000 குஞ்சுகள்கூடத் தேறவில்லை. தீவனம் போதவில்லையா?

பதில்: தீவனம் போதாமல் இல்லை, அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள். குஞ்சுகளை நெருக்கி விட்டதாகவும் சொல்ல முடியாது. மண் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் வரை விடுவது வழக்கம். உங்கள் கணக்கு அதன் கீழ் எல்லையில்தான் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு தேறியிருந்தால்கூடக் குறை சொல்வதற்கில்லை. நூற்றுக்கு ஏழு என்று இறங்கியதற்கு, தண்ணீரை 15 நாள் தேக்கி வைத்ததே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

பொரித்த குஞ்சு ஏறத்தாழ மூன்று நாள் தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருப்பையைக் கொண்டே பிழைக்கிறது. அது கரைந்து வாய் திறக்கும்போது உடல் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர்தான் என்பதால், அந்த வாய்க்குள் முதலில் நுழையக்கூடியவை ரோட்டிஃபர் போன்ற மிக நுண்ணிய மிதவை உயிரிகளே. சில நாள் சென்றபின் மொய்னா என்னும் நீர்த்தெள்ளை விரட்டிப் பிடிக்கும். புதுத் தண்ணீரில் உரமிட்டதும் இவை ஒரு வாரத்துக்குள் பெருகி, தின்ன ஆளில்லாவிட்டால் பிறகு குறைந்துவிடும். இதற்கிடையில் மல்லாந்து நீந்தும் பூச்சிகளும் நீர்வண்டுகளும் அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து இரவில் பறந்து வந்து குடியேறி, நீங்கள் விட்ட குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய குஞ்சு, பூச்சிக்கு விருந்தாகிவிட்டது.

அடுத்த முறை குளத்தைக் காயவிட்டு, நெருக்கமான வலைத்துணி வழியே தண்ணீரை வடிகட்டி நிரப்பி, உரமிட்ட ஐந்தாறு நாளில் குஞ்சு விடுங்கள். வற்றாத குளமானால் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சென்ட்டுக்கு 10 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இட்டுக் களைமீன்களை ஒழிக்கலாம். ஆனால் அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். எந்த முறையானாலும், குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் உங்கள் 8 சென்ட் குளத்துக்கு 600 கிராம் சோப்பை வெந்நீரில் கரைத்து, சுமார் 1.8 கிலோ தாவர எண்ணெயுடன் கலக்கி, காற்றில்லாத மாலை நேரத்தில் குளம் முழுவதும் தெளியுங்கள். பூச்சிகள் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். எண்ணெய்ப் படலம் மூச்சுத்துளையை அடைத்துவிடுவதால் செத்துக் கரை ஒதுங்கும். காற்றடித்தால் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, செலவு வீணாகும்.

விடும் நாளன்று, குளத்தின் பல இடங்களிலிருந்து மொண்ட 50 லிட்டர் தண்ணீரை மிதவை உயிரி வலையில் வடித்து, தேங்கியதை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றிச் சிட்டிகை உப்புப் போடுங்கள். அடியில் மிதவை உயிரிகள் 1 முதல் 2 மில்லி லிட்டர் வரை படிந்தால் குளம் தயார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உப்பு போடும் முன் மொய்னாக்கள் விட்டுவிட்டுத் துள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

தீவனத்தைப் பொறுத்தவரை, 1 லட்சம் குஞ்சுகளுக்கு முதல் ஐந்து நாள் தினமும் 600 கிராம், அதன்பின் 1.2 கிலோ போதும். பிண்ணாக்கையும் தவிட்டையும் சம எடையில் எடுத்து, மாவாகச் சலித்துத் தூவ வேண்டும். நீங்கள் போட்ட 3 கிலோவில் பெரும்பகுதி அடியில் அழுகி, விடியற்காலையில் ஆக்சிஜனைக் குறைத்திருக்கும். மஞ்சள் கரு சிமெண்ட் தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருக்கும்போது உதவும், குளத்தில் ஊற்ற வேண்டியதில்லை.

கேள்வி: விரால் குஞ்சுகளையும் இதே பிண்ணாக்குத் தூளில் வளர்க்கலாமா?

பதில்: முடியாது. தாய் தந்தை காவலில் செந்நிறக் கூட்டமாகத் திரியும் விரால் குஞ்சுகள் உயிருள்ள மிதவை உயிரிகளையே தேடும். அரைத்த மீனுக்கும் குச்சித் தீவனத்துக்கும் மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும். அதற்குள் பெரியது சிறியதை விழுங்கத் தொடங்கிவிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அளவு பார்த்துப் பிரித்து வெவ்வேறு தொட்டிகளில் விடுங்கள்.